பூந்தியின் வாய்க்குள் ஒரு கட்டி

நன்றாகத் தின்று, நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்த நாய்க்கு நாள் குறித்தவள் நான். அப்போது விலங்கியல் முதலாமாண்டு. கல்லூரியில் கரப்பான்பூச்சியைக்கூடத் தாண்டியிருக்கவில்லை. (அதையும் தொட்டது என் தோழிதான்.) ஆனால் வீட்டில் எல்லா வியாதிக்கும் நான்தான் டாக்டர்.

ஆவடியில் அப்பாவின் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் இருந்தோம். நெமிலிச்சேரி ஸ்டேஷனிலிருந்து என் பின்னாலேயே வந்து சேர்ந்தவள் பூந்தி. அப்பா ஒரே ஒரு நிபந்தனை போட்டார். "அது வராண்டாவோட நிக்கணும். உள்ள வந்துது, நீயும் வெளிய!" அவர் வாயில் அவள் எப்போதும் 'அது'தான்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் பூந்தி மல்லாந்து படுத்துக் கொட்டாவி விட்டாள். மேல்வரிசை முன்பற்களுக்குப் பின்னால், அண்ணத்தில், பட்டாணி போல ஒரு மேடு! கைப்பேசியில் 'நாய் வாயில் கட்டி' என்று தேடினேன். வந்த படங்களைப் பார்த்ததும் எனக்கே காய்ச்சல் வரும்போல இருந்தது.

"அம்மா, பூந்திக்குக் கேன்சர்மா. இன்னும் கொஞ்ச நாள்தான்."

அம்மா கரண்டியும் கையுமாக அப்படியே உட்கார்ந்துவிட்டாள். அப்பாவுக்கு இன்ஸ்பெக்‌ஷன் வேலை. மயிரிழை விரிசல் இருந்தாலும் அந்தப் பாகத்தை ஒதுக்கிவிடுவார். டார்ச்சை எடுத்துவந்து பூந்தியின் வாய்க்குள் அடித்து வெகுநேரம் பார்த்தார். "ஆமா, இருக்கு" என்றார்.

அப்புறம் ஆரம்பித்தது கூத்து. அம்மா ஈரல் வறுத்தாள். அப்பா பைக்கை எடுத்துக்கொண்டு போய் மட்டன் பிரியாணி வாங்கிவந்து, எலும்பை நீக்கிவிட்டு ஊட்டினார். "பூந்தி, உள்ள வாம்மா" என்றார். அவள் நம்பாமல் என்னைப் பார்த்தாள். அவரே தூக்கிக்கொண்டு போய்த் தன் கட்டிலில், ஃபேனுக்கு நேர் கீழே படுக்க வைத்தார். நான் தேம்பித் தேம்பி அழுதேன். (அந்தப் பிரியாணியில் பாதியைத் தின்றதும் நான்தான். துக்கத்தில் பசிக்காதா என்ன?)

லீவே போடாத மனிதர் மறுநாள் லீவு போட்டார். கால்நடை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா பூந்தியின் வாயைத் திறந்தார், பார்த்தார், மூடினார்.

"இது கட்டியே இல்ல சார். எல்லா நாய்க்கும் அந்த இடத்துல இப்படித்தான் இருக்கும்."

இன்ஸ்பெக்‌ஷன் புத்தி விடுமா? வெளியே வந்ததும் அப்பா, பாடி ஊரிலிருந்து வந்து வரிசையில் நின்ற ஒருவரின் நாயைப் பிடித்து வாயைப் பிளந்தார்.

"யோவ், இன்னா பண்ணிகினு கீற? கடிச்சிடப் போவுது!"

"இதுலயும் இருக்கு!" என்று கத்திய அப்பா, அந்த நாயையும் கட்டிக்கொண்டார். கண்ணெல்லாம் தண்ணீர்.

"இன்னாது கீது? ஐயோ, என் நாய்க்கு இன்னா?" என்று பாடிக்காரர் அலறினார். எங்கள் நாயை விட்ட கேன்சர் அவர் நாயைப் பிடித்துக்கொண்டது. டாக்டரம்மாவே வெளியே வந்து அவரைச் சமாதானப்படுத்த வேண்டியதாயிற்று. விலங்கியல் மாணவியான நான் என் செருப்பை ஆராய்ந்துகொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்த பூந்தி வராண்டாவைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நேரே கட்டில்! அப்பா சுவரோரமாக நகர்ந்து படுத்துக்கொண்டார்.

இன்றைக்கும் என் பிள்ளை ரெண்டு தும்மல் போட்டான் என்று பதறிப் போன் செய்தால், அப்பா கேட்பது ஒன்றுதான். "மொதல்ல பக்கத்து நாயைப் பாத்தியா?" பின்னால் அம்மா சிரிப்பது கேட்கும்.

பல வருஷம் கழித்து, நன்றாக வயதாகி, பூந்தி அந்தக் கட்டிலிலேயே தூக்கத்தில் போய்ச் சேர்ந்தாள். அப்பா ரிட்டயராகி அம்பத்தூர் ஃப்ளாட்டுக்குப் போனபோது கட்டிலும் கூடவே போனது. போன வாரம் போயிருந்தேன். அவ்வளவு பெரிய கட்டிலில் அப்பா இன்னமும் சுவரோரமாக ஒண்டித்தான் படுக்கிறார்.