ஏழாகப் பிரிந்த பெருங்கண்

ஏழ்பதி என்றொரு நாடு. அதை எந்த வரைபடத்திலும் தேட வேண்டாம். வரைபடத் துறைக்கு அங்கே இன்னும் அமைச்சர் நியமிக்கப்படவில்லை. அந்நாட்டில் அரசரை மக்கள் ஓட்டுப் போட்டுத்தான் தேர்ந்தெடுத்தார்கள். தேர்தலில் நிற்க ஒரே ஒரு தகுதிதான் கேட்கப்பட்டது. நிற்பவர் ஏற்கெனவே அரசராக இருக்க வேண்டும்.

நாட்டின் நடுநகரில் பொதுக்கூடம் என்று ஒரு கட்டடம் இருந்தது. முன்பு ஆண்ட அரசி ஒருத்தி கட்டியது. ஏழு பதிகளில் எந்தப் பதியும் தனியாக வாங்க முடியாத ஆராய்ச்சிக் கருவிகளை அவள் அங்கே ஒன்றாக வைத்தாள். எந்தப் பதியின் ஆராய்ச்சியாளரும் முறை வைத்து வந்து பயன்படுத்தலாம். வெற்றிலை நோயைப் பார்க்க வந்தவரும் விரிசல் விட்ட இரும்பைப் பார்க்க வந்தவரும் வாசல் பெஞ்சில் சேர்ந்து டீ குடிப்பார்கள். அந்தக் கருவிகளுள் பெரியது ஒரு நுண்ணோக்கி. ஆள் உயரத்துக்கு மேல் நிற்கும். மக்கள் அதைப் பெருங்கண் என்று அழைத்தார்கள்.

செங்கமலம் கடைமடைப் பதியிலிருந்து அங்கே வந்துபோகிறவள். ஆறு கடலில் சேருமுன் கடைசியாக நனைக்கிற பதி அது. அரசாங்கத்தின் நல்ல காரியங்களும் அங்கே கடைசியாகத்தான் வந்து சேரும். மருத்துவமனையின் பின்கட்டில் இரண்டு அறைதான் அவளுடைய ஆய்வகம். ஒரு சின்ன நுண்ணோக்கியும் ஓயாமல் உறுமுகிற குளிர்பெட்டியும் அதில் இருந்தன. அவற்றுக்கு எட்டாத நோய் வந்தால் மாதிரிகளை ஐஸ் பெட்டியில் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள். பெருங்கண்ணை இயக்கும் பொறியாளர் சவரிராயன் அவளைப் பார்த்ததும், "கண்ணாடி மேல மூச்சு விடாதீங்க" என்பார். அதுதான் அவர் சொல்லும் வணக்கம்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோது கருவிநலத் துறை அமைச்சராகத் தர்மசேனர் பொறுப்பேற்றார். பதவிக்கு வந்த கையோடு பேரவையில் எழுந்து பேசினார்.

"பொது என்ற சொல்லில் ஒரு சோம்பல் இருக்கிறது. எல்லோருக்கும் சொந்தம் என்றால் உண்மையில் யாருக்குச் சொந்தம்? பெருங்கண் நடுநகரில் நிற்கிறது. மற்ற ஆறு பதி மக்களும் பஸ்ஸில் வந்து பார்க்க வேண்டிய அவலம்! நம் அரசரின் ஆட்சியில் இந்த அநீதிக்கு இடமில்லை. பெருங்கண் ஏழு சம பாகங்களாகப் பிரிக்கப்பட்டு, பதிக்கு ஒன்றாக வழங்கப்படும்."

பேரவை மேசையைத் தட்டியது. எதிர்த்தவர்களும் இருந்தார்கள், ஏழு பாகம் போதாது, ஊருக்கு ஒரு பாகம் வேண்டும் என்று எதிர்த்தார்கள்.

மாலை சூட்டிய லாரிகளில் பாகங்கள் கிளம்பின. ஒரு பதிக்குக் கண்ணாடி, ஒரு பதிக்குக் காற்றை உறிஞ்சும் பம்பு, இன்னொன்றுக்குத் திரை என்று போய்ச் சேர்ந்தன. ஒவ்வொன்றுக்கும் பளிங்கு மண்டபம் எழும்பியது. கடைமடைக்கு வந்தபோது கருவியில் மிச்சம் ஏதுமில்லை. ஆகவே பெருங்கண்ணின் மேலுறை கடைமடைக்கு வழங்கப்பட்டது. அமைச்சரே நேரில் வந்து அதைத் திறந்து வைத்தார்.

"உறை என்று சாதாரணமாக நினைத்துவிடாதீர்கள். பாதுகாப்பின் சின்னமே உங்களிடம் வந்திருக்கிறது."

"இத வச்சு என்னங்க செய்யறது?" என்று செங்கமலம் கேட்டாள்.

அமைச்சர் சற்று யோசித்தார். "மூடலாம்" என்றார்.

அந்த மழைக்காலத்தில்தான் காய்ச்சல் வந்தது. கடைமடைப் பிள்ளைகளுக்குக் கண் செக்கச் சிவந்தது. கெண்டைக்கால் நோவில் நிற்க முடியாமல் சுருண்டார்கள். சிலருக்கு உடம்பு மஞ்சள் பூத்தது. செங்கமலம் வீடு வீடாகப் போனாள். எல்லா வீட்டிலும் ஒரே குளத்துத் தண்ணீர். எல்லா வீட்டிலும் அரசுக் கிடங்கிலிருந்து வந்த ஒரே அரிசி. தன் சின்ன நுண்ணோக்கியில் இரண்டையும் பார்த்தாள். அரிசியில் பூஞ்சை இருந்தது. தண்ணீரில் பாசியும் என்னென்னவோ நெளிவதும் இருந்தன. இவற்றுள் எது பிள்ளைகளின் உடம்புக்குள் போய் வேலை செய்கிறது என்பது அந்தக் கருவிக்குத் தெரியவில்லை.

மாடத்தி என்கிற நாற்று நடுகிற பெண், காய்ச்சலில் கிடந்த மகனைத் தோளில் போட்டுக்கொண்டு ஆய்வகத்துக்கே வந்துவிட்டாள்.

"அம்மா, நீங்க படிச்சவங்க. நான் சோத்த நிறுத்தணுமா, தண்ணிய நிறுத்தணுமா? ரெண்டையும் நிறுத்த முடியாது. ஒண்ணச் சொல்லுங்க."

செங்கமலத்தால் சொல்ல முடியவில்லை. அரிசி என்று சொல்லி அது தவறாகிவிட்டால் பதியே பட்டினி கிடக்கும். தண்ணீர் என்று சொல்லி அது தவறானால் கோடையில் வறண்டு போகிற அந்த ஊரில் இருக்கிற ஒரே குளத்தையும் மூடிவிடுவார்கள். நச்சரிசி மட்டும் தினமும் இலையில் விழும். "கொஞ்சம் பொறுத்துக்கம்மா, பாத்துச் சொல்றேன்" என்றாள். சொல்லும்போதே தன் சொல்லில் அவளுக்கு நம்பிக்கையில்லை.

பெருங்கண்ணை ஒருமுறை சேர்த்துத் தர வேண்டும் என்று அரசாங்கத்துக்கு எழுதினாள். பதிலாகத் தர்மசேனரிடமிருந்து ஓர் ஆணை வந்தது. பெருங்கண்ணால் உறுதி செய்யப்படாத எந்த நோயும், எந்தக் குறையும் ஏழ்பதியில் இல்லை என்று அது அறிவித்தது. மருத்துவமனையில் கிடந்த பிள்ளைகள் ஆணைப்படி ஆரோக்கியமானவர்கள் ஆனார்கள். கட்டில்கள் காலி செய்யப்பட்டன. கண் சிவந்திருப்பதற்கு மகிழ்ச்சியே காரணம் என்று வானொலியில் ஒரு மருத்துவ அதிகாரி விளக்கினார். அந்த வாரம் உப்பளத் தெருவில் ஒரு பெண் குழந்தை இறந்தது. நோயே இல்லாத நாட்டில் அது எதனால் இறந்தது என்று எழுத இடம் காணாமல், இறப்பைப் பதிய மறுத்துவிட்டார்கள்.

செங்கமலம் அந்த வீட்டு வாசலில் வெகுநேரம் நின்றாள். பிறகு கல்மலைப் பதிக்குப் பஸ் ஏறினாள்.

கல்மலைக்குக் கிடைத்திருந்தது பெருங்கண்ணின் மின்கம்பி. கண்ணாடிப் பேழைக்குள் பட்டுத் துணிமேல் அதைச் சுருட்டி வைத்திருந்தார்கள். பக்கத்தில் நாற்காலி போட்டுச் சவரிராயன் உட்கார்ந்திருந்தார். கம்பிக் காப்பாளர் என்று அவருக்குப் பதவி கொடுத்திருந்தார்கள்.

"ஏழு சாமானும் ஒரே எடத்துக்கு வந்தா திரும்பச் சேத்துருவீங்களா சார்?" என்று கேட்டாள்.

"தூங்கிக்கிட்டே சேப்பேன். ஆனா அந்தப் பழைய கூடத்துலதான் வைக்கணும். அந்தத் தரைதான் அசையாது. லாரி போனாக்கூட அதுக்குத் தெரியாது." பேசப் பேச அவர் முகத்தில் வெளிச்சம் வந்தது, உடனே அணைந்தது. "யாரும்மா தரப்போறாங்க? அமைச்சர்கிட்டக் கெஞ்சப் போறீங்களா?"

"கெஞ்சினா அவரு கேக்க மாட்டாரு. விழான்னு சொன்னா கேப்பாரு."

அரசரின் முடிசூட்டு நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. புதிதாக எதைச் செய்து அரசரை மகிழ்விப்பது என்று தெரியாமல் தர்மசேனர் உறக்கம் கெட்டிருந்த நேரம். செங்கமலம் அவர் முன் போய் நின்றாள். நோய் என்ற சொல்லை அவள் வாயில் எடுக்கவே இல்லை.

"ஏழு பதியோட பெருமையும் ஏழு எடத்துல தனித்தனியா இருக்குதுங்க. முடிசூட்டு நாளன்னிக்கு அத்தனையும் ஊர்வலமா நடுநகருக்கு வந்து, பழைய கூடத்துல ஒண்ணாச் சேந்து நின்னா எப்படி இருக்கும்? அரசர் ஒருத்தராலதான் நாடு ஒண்ணா நிக்குதுன்னு பாக்கிறவங்களுக்குப் புரியுமே."

அமைச்சர் கண்ணை மூடிக்கொண்டார். திறந்தபோது அது அவருடைய யோசனையாகிவிட்டிருந்தது. "ஒற்றுமைப் பெருவிழா!" என்றார். "இதை நான் வெகுநாளாகச் சிந்தித்து வருகிறேன்."

விழா நாள் வந்தது. மேளதாளத்தோடு பாகங்கள் வந்து இறங்கின. கடைமடையின் மேலுறையைச் செங்கமலம் மடித்துத் தோளில் போட்டு வந்தாள். கையில் ஐஸ் பெட்டி இருந்தது. கூடத்துக்குள் முதல் தகராறு உடனே தொடங்கியது. பாகங்களை ஒன்றன்மேல் ஒன்றாக நிறுத்த வேண்டும். பம்பு அடியில் வரவேண்டும் என்றார் சவரிராயன். பம்புக்குரிய பதியின் தலைவர் மீசை துடிக்கக் கத்தினார்.

"எங்க பதி அடியில கெடக்கணுமா? இந்த அவமானத்துக்கா மேளம் வச்சு வந்தோம்?"

"அண்ணே, மேல இருக்கிற ஆறும் உங்க பதிய நம்பித்தான் நிக்கப்போகுது. நீங்க வேண்டாம்னா சொல்லுங்க, கண்ணாடிக்காரங்க அடிக்கு வரத் துடிக்கிறாங்க" என்றாள் செங்கமலம்.

தலைவர் தானே பம்பைப் பிடித்துக் கீழே இறக்கினார். "நகத்திப் பாக்கட்டும் எவனாவது" என்று அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

வெளியே மேடையில் அரசர் பேசத் தொடங்கியிருந்தார். அரசர் பேச்சு சீக்கிரம் முடிய வேண்டும் என்று ஏங்காத குடிமகன் அந்நாட்டில் கிடையாது. செங்கமலம் வாழ்க்கையில் முதன்முறையாக அது நீள வேண்டும் என்று வேண்டிக்கொண்டாள். பேச்சு முடிந்தால் அரசர் உள்ளே வருவார், படம் எடுப்பார்கள், பாகங்கள் மறுபடி லாரி ஏறும்.

சவரிராயன் கம்பியைச் செருகினார். பம்பு உறுமியது. திரை நெடுநேரம் சாம்பலாகவே கிடந்தது. அவர் வாய்க்குள்ளேயே யாரையோ திட்டிக்கொண்டு குமிழைத் திருகினார். திருகத் திருகச் சாம்பல் விலகியது. மாடத்தி மகனின் ரத்தத் துளியில், சுருண்ட கம்பி போல மெல்லிய ஓர் உயிர் கிடந்தது.

செங்கமலம் ஐஸ் பெட்டியிலிருந்து அடுத்த குப்பியை எடுத்து நீட்டினாள். "தண்ணிய வைங்க சார்" என்றாள்.

அந்த நேரம் பார்த்துக் கதவைத் தள்ளிக்கொண்டு தர்மசேனர் வந்தார். ஓடுகிற இயந்திரத்தைக் கண்டதும் அவர் நிறம் மாறியது. "இது காட்சிப் பொருள்! யாரைக் கேட்டு ஓட்டினீர்கள்? அரசர் நாலு வரியில் முடித்துவிடுவார். என்ன அது திரையில்?"

"கடைமடைப் பிள்ளைங்க ரத்தத்துல இருக்கிறதுங்க. உப்பளத் தெருவுல ஒரு பொண்ணு செத்துச்சு. அஞ்சு வயசு. அதையும் இதுதான் கொன்னிருக்கும்."

அமைச்சர் திரைக்கு அருகில் போய்க் குனிந்தார். அவர் போட்ட சட்டப்படியே அந்த நோய் இப்போது நாட்டில் பிறந்துவிட்டது. பெருங்கண் பார்த்துவிட்டது, கூடத்தில் நின்ற ஏழு பதித் தலைவர்களும் பார்த்துவிட்டார்கள். ஆனால் அதற்கும் மேலாக ஏதோ ஒன்று அவரைப் பிடித்து நிறுத்தியது. இத்தனை நாள் கருவிநலத் துறையை ஆண்டவர், ஒரு கருவிக்குள் இப்போதுதான் முதன்முதலாகப் பார்க்கிறார்.

"அசையுமா இது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"உயிரோட இருக்கும்போது அசையும்ங்க. குளத்துத் தண்ணியிலயும் இதே இருக்கான்னு பாக்கணும். அப்புறம் அரிசியையும் பாத்துட்டாத்தான் உறுதியாச் சொல்ல முடியும்."

"எவ்வளவு நேரம் வேண்டும்?"

"கொஞ்ச நேரங்க."

தர்மசேனர் அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டு வெளியே போனார். மேடை ஏறி அரசர் காதில், "மக்கள் போதவில்லை என்கிறார்கள், அரசே. தங்கள் இளமைப் பருவத்தை இன்னும் தொடவே இல்லையாம்" என்றார். அரசர் நெகிழ்ந்துபோய் மைக்கை மறுபடி பிடித்தார். இளமைப் பருவம் நீண்டது. வெயிலில் மக்கள் வாடினார்கள். கூடத்துக்குள், குளத்துத் தண்ணீரில் அதே சுருண்ட உயிர் தெரிந்தது. அரிசியில் அது இல்லை. அரிசிப் பூஞ்சையின் சுவடு ரத்தத்திலும் இல்லை.

செங்கமலம் நேரே தொலைபேசிக்கு ஓடினாள். கடைமடை மருத்துவமனையில் மாடத்தியைக் கூப்பிடச் சொன்னாள்.

"மாடத்தி, சோறு போடு. தாராளமாப் போடு. தண்ணியக் கொதிக்க வச்சுக் குடு. புள்ளைங்கள யாரும் கொளத்துல எறக்க வேண்டாம்னு சொல்லு. மருந்து இருக்கு, சாதாரண மருந்துதான், நம்ம ஆஸ்பத்திரியிலயே இருக்கு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம். "சோறு போடலாம்ல அம்மா? நெசமாத்தான?" என்று மாடத்தி திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தாள். கட்டில்கள் அன்று மாலையே திரும்பப் போடப்பட்டன. மாடத்தி மகன் சில நாளில் எழுந்து உட்கார்ந்து மீன் குழம்பு கேட்டான்.

விழா முடிந்ததும் பாகங்களைக் கழற்ற வேண்டும் என்றார்கள். எந்தப் பதியும் முதலில் கழற்ற முன்வரவில்லை. முதலில் கழன்றால் தங்கள் பாகம் தேவையற்றது என்று பெயராகிவிடும் அல்லவா? பம்புத் தலைவர் அந்த இடத்தைவிட்டு நகரவே மாட்டேன் என்றார். அவருக்கு அங்கேயே சாப்பாடு வந்தது. கடைசியில் விழாவை மறு உத்தரவு வரும்வரை நீட்டிப்பதாக ஆணை போட்டார்கள். அதற்கும் அடுத்த ஆணையில், ஏழு பதிகளும் சேர்ந்து பயன்படுத்தும்படி ஒரு பொதுக்கூடம் என்ற புதுமையை அரசரே கண்டுபிடித்ததாக அறிவித்தார்கள். இவ்வளவு எளிய யோசனை இத்தனை காலம் யாருக்கும் தோன்றவில்லையே என்று அரசர் திறப்பு விழாவில் வியந்தார். மக்கள் பலமாகக் கை தட்டினார்கள்; தட்டினால் சீக்கிரம் கிளம்பிவிடுவார் என்பது அவர்களுக்குத் தெரியும்.

அவர் கிளம்பியதும் வாசல் பெஞ்சில் வரிசை தொடங்கியது. இம்முறை ஆராய்ச்சியாளர்கள் மட்டும் வரவில்லை. நாட்டில் எது உண்டு, எது இல்லை என்று பெருங்கண்தான் சொல்ல வேண்டும் என்கிற ஆணையை யாரும் திரும்பப் பெறவில்லை. மக்கள் அதை நன்றாகப் படித்திருந்தார்கள். ஒருவர் புதுப் பாலத்திலிருந்து பெயர்ந்த சிமெண்டுக் கட்டியைத் துண்டில் முடிந்து வந்திருந்தார். ஒரு பெண் பள்ளிக்கூடத்துச் சத்துமாவைக் கொண்டு வந்திருந்தாள். அவர்களுக்குப் பின்னால் வெறுங்கையோடு ஒருவர் நின்றார். நெசவுக்காரர், பெயர் பொன்னுரங்கம்.

"நீங்க என்னங்க கொண்டு வந்திருக்கீங்க?" என்று செங்கமலம் கேட்டாள்.

அவர் இடது கையை நீட்டினார். விரல் நுனியில் போன தேர்தலின் மை கறுப்பாக ஒட்டியிருந்தது.

"இந்த மை எதுல செஞ்சதுன்னு பாக்கணும்மா. யாரும் வேண்டாம்னு வெறுஞ்சீட்டப் போட்டாலும் ஓட்டு அரசருக்கே போய்ச் சேருது. மையிலதான் ஏதோ இருக்குன்னு எங்க தெருவுல பேசிக்கிறாங்க."

சவரிராயன் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டார். செங்கமலம் பெஞ்சில் இடம் ஒதுக்கினாள்.

"உக்காருங்க. வரிசைப்படி எல்லாத்தையும் பாத்துரலாம்" என்றாள்.