கரையை நிறுத்திய சிவப்புப் பக்கம்

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போய்ப் படித்த முதல் ஆள் நான். இதில் ஒரு வசதியும் ஓர் ஆபத்தும் உண்டு. வசதி என்னவென்றால், நான் சொல்வதை வீட்டில் யாரும் மறுத்துப் பேச மாட்டார்கள். ஆபத்தும் அதேதான்.

கோட்டாற்றில் ஒரு மொத்த மளிகைக் கடையின் மாடியில் இருந்த சின்ன மென்பொருள் நிறுவனத்தில் எனக்கு வேலை கிடைத்தது. (கீழே மிளகாய் மூட்டை இறங்கும் நாளில் மேலே நிறுவனம் மொத்தமும் தும்மும்.) கடற்கரையிலிருந்து தினமும் பஸ்ஸில் போய் வருவேன். கழுத்தில் கிடந்த அடையாள அட்டையை வீட்டுக்கு வந்த பிறகும் கழற்ற மாட்டேன். மீன் கழுவும்போதுகூட அது கழுத்தில் தொங்கியது என்று அம்மா ஊரெல்லாம் சொல்வது பொய். (ஒரு தடவைதான்.)

அங்கே எனக்குக் கிடைத்த முதல் வேலை, எங்கள் கரை மீனவர் சங்கத்துக்கான இணையதளம். அதன் முகப்பில் மறுநாள் கடல் நிலவரம் வரும். எழுத்தில் அல்ல, நிறத்தில். பக்கம் முழுக்கப் பச்சை என்றால் போகலாம். மஞ்சள் என்றால் கரையை ஒட்டிக் கவனமாகப் போகலாம். சிவப்பு என்றால் வள்ளத்தை இறக்கவே கூடாது. இந்த யோசனை என்னுடையது. என் அப்பா சேவியருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. அவருக்காகவே அப்படிச் செய்தேன். சங்க அலுவலக வாசலில் ஒரு பெரிய டிவியில் அந்தப் பக்கம் எந்நேரமும் தெரியும். அப்பா சாயங்காலமானால் அதன் முன்னால் போய் நின்றுகொண்டு, வருகிறவர் போகிறவரிடமெல்லாம், "இந்தக் கலரு எம் மவ போடுததாக்கும்" என்பார். ஏதோ கடலுக்கே நான் சாயம் பூசுவது மாதிரி.

என் ஆறு மாத புரொபேஷன் முடியும் நேரத்தில் முருகேசன் சார் கூப்பிட்டார். நிறுவனத்தின் முதலாளி, மேலாளர், ஏசி மெக்கானிக் மூவரும் அவரே.

"ஜெனி, இந்த சைட்டுக்கு நிதி குடுக்க சென்னைக்காரவிய கவரேஜ் ரிப்போர்ட் கேக்காவ. பிரவுசர்ல திறந்து பாக்குத மாதிரி லிங்க்கா போட்டு அனுப்பீரு. நாளைக்கு மத்தியானம் அவியகூட மீட்டிங். அது முடிஞ்ச உடனே உன் வேலைய பெர்மனென்ட் ஆக்குத விஷயத்தப் பேசிருவோம்."

கவரேஜ் ரிப்போர்ட் என்பது பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. நாம் எழுதும் நிரல் சரியாக ஓடுகிறதா என்று பார்க்க டெஸ்ட் என்று தனியாகச் சில நிரல்கள் எழுதுவோம். அந்த டெஸ்டுகள் எந்தெந்த வரிகளைத் தொட்டுப் பார்த்தன, எவற்றை எட்டிக்கூடப் பார்க்கவில்லை என்று காட்டுவதுதான் இந்த ரிப்போர்ட். தொட்டது பச்சை, தொடாதது சிவப்பு, பக்கத்தில் எத்தனை சதவீதம் என்ற கணக்கு. நான் எழுதியிருந்த டெஸ்டுகள் மிகவும் குறைவு. எனவே என் ரிப்போர்ட் கல்யாண வீட்டுக் குங்குமத் தட்டு மாதிரி இருந்தது.

"தனி ஃபோல்டர்ல போடணும், தெரியும்லா?" என்று கேட்டார் சார்.

"தெரியும் சார்" என்றேன், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. பட்டம் வாங்கியவளைப் பார்த்துக் கேட்கிற கேள்வியா இது?

பிறகு தனி ஃபோல்டரில் போடாமல் நேராக இணையதளத்தின் தலைவாசலிலேயே கொண்டுபோய் ரிப்போர்ட்டைப் போட்டேன். ரிப்போர்ட்டின் முதல் பக்கத்துக்கும் தளத்தின் முகப்புக்கும் ஒரே கோப்புப் பெயர். 'இந்தப் பெயரில் ஏற்கெனவே ஒன்று இருக்கிறது, அதை நீக்கிவிட்டு இதை வைக்கட்டுமா?' என்று கம்ப்யூட்டர் மிகவும் மரியாதையாகக் கேட்டது. படித்தவள் அல்லவா, கேள்வியை முழுதாக வாசிக்காமலே எனக்கு விடை தெரிந்துவிட்டது. 'ஆம்' என்று அமுக்கினேன். பிரவுசரில் திறந்தேன். பளபளவென்று வந்தது. என் போனிலும் வந்தது! லிங்க்கைச் சென்னைக்கு அனுப்பிவிட்டு, ஓடிப்போய் பஸ்ஸைப் பிடித்தேன். மறுநாள் மீட்டிங்குக்கு முகம் தெளிவாக இருக்க வேண்டும் என்று சாப்பிட்ட கையோடு படுத்துவிட்டேன்.

காலையில் ஆண்களின் சத்தம் கேட்டு விழித்தேன். எங்கள் வீட்டில் அந்த நேரத்தில் ஆண் குரல் கேட்கக் கூடாது. எல்லாரும் கடலில் இருக்க வேண்டும். வெளியே வந்தால் அப்பா முற்றத்தில் உட்கார்ந்து கட்டன்சாயா குடித்துக்கொண்டிருக்கிறார். கரையில் இருக்கிற வள்ளம் அத்தனையும் மணலில் கிடக்கின்றன. அவற்றின் நிழலில் சீட்டுக் கச்சேரி. அம்மாவின் தம்பி அந்தோணி மாமா அப்பாவிடம் மல்லுக்கு நின்றுகொண்டிருந்தார்.

"மச்சான், கடலப் பாத்தியரா? இஸ்திரி போட்ட வேட்டி மாதிரி கெடக்கு. அடுத்த கரைக்காரன் எல்லாம் போய்ட்டான்."

"போனவன் திரும்பி வரட்டு, பாப்போம். ஏலே அந்தோணி, நீ வெறுங்கண்ணால பாக்க. எம் மவ கம்ப்யூட்டர்ல பாத்திருக்கா. சிவப்புன்னா சிவப்புதான்."

"அதுல என்னமோ எழுத்தும் கெடந்துச்சே?"

இதற்குப் பதில் சொன்னவர் சங்கச் செயலாளர் டென்னிஸ் அண்ணன். நாலெழுத்து வாசிக்கத் தெரிந்தவர் என்பதால்தான் அவரைச் செயலாளர் ஆக்கியிருந்தார்கள்.

"நான் வாசிச்சேன் மக்கா. சீரோ பர்சன்ட், சீரோ பர்சன்ட், நாலு பர்சன்ட்டுன்னு வரிசையா போட்டிருக்கு. உசிரோட திரும்பி வாறதுக்கு உள்ள சான்ஸாக்கும்."

"அந்த நாலு பர்சன்ட் யாருக்கு?"

"லைஃப் ஜாக்கெட் போட்டவனுக்கு."

கூட்டத்தில் ஒருவர் சிலுவை போட்டுக்கொண்டார். நான் போனை எடுத்துத் தளத்தைத் திறந்து பார்த்தேன். நான் டெஸ்ட் எழுதாத கோப்புகளின் பட்டியலை எங்கள் கரை தன் மரண அறிவிப்பாக வாசித்திருந்தது.

"எப்பா..." என்றேன். "அது புயல் இல்ல. டெஸ்ட்."

"புயலுக்கும் டெஸ்ட் வைக்கியளா?"

"இல்லப்பா. நான் எழுதுனதுல எதையெல்லாம் நான் சரிபாக்கலன்னு காட்டுத பக்கம் அது. இடம் மாத்திப் போட்டுட்டேன்."

சீட்டுக் கச்சேரி நின்றது. அந்தோணி மாமா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்போ சிவப்பாக் கெடந்தது கடலு இல்ல. நீயாட்டி?"

நான் அப்பாவின் முகத்தைத்தான் பார்த்தேன். கரை முழுக்க அவர் முகத்தைத்தான் பார்த்தது. வேலை போனால் வேறு வேலை தேடலாம். 'எம் மவ' என்று டிவி முன்னால் நின்று சொன்ன மனுஷன் இனி அந்தப் பக்கம் எப்படிப் போவார்? அப்பா டம்ளரைக் கீழே வைத்தார். கடலை ஒருமுறை நோட்டம் விட்டார்.

"காத்து வந்துட்டுதான் இருந்திருக்கும்" என்றார் நிதானமாக. "சிவப்பப் பாத்துட்டுத் திரும்பிப் போயிருக்கும்."

மாமாதான் முதலில் சிரித்தார். பிறகு வள்ளங்கள் தவிர எல்லாம் சிரித்தன.

அம்மா மட்டும் சிரிக்கவில்லை. அடுத்த கரையில் அன்று சாளை மீன் அள்ளி அள்ளி வந்தது. அம்மா சந்தையில் மீன் விற்கிறவள். பாத்திரத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு, "மீன் விக்கப் போறவ இன்னைக்கு மீன் வாங்கப் போறேன். படிக்க வச்சேன்லா!" என்று என் காதில் விழும்படி சொல்லிக்கொண்டே அடுத்த கரைக்கு நடந்தாள்.

நான் அலுவலகத்துக்குப் பறந்து போய், பழைய முகப்பை அதன் இடத்தில் வைத்தேன். கடல் பச்சையானது. முருகேசன் சாரிடம் நடந்ததை எப்படிச் சொல்வது என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்ததில், ரிப்போர்ட்டை வேறு இடத்தில் போட வேண்டும் என்பது மறந்தே போனது. சென்னைக்கு நேற்று அனுப்பிய லிங்க் மட்டும் அப்படியே இருந்தது.

மத்தியானம் மீட்டிங். சென்னை மேடம் அந்த லிங்க்கைத் திறந்தார். திரை முழுக்கப் பச்சை. ஒரு புள்ளி சிவப்பு இல்லை.

"அட, பிரமாதம்! முழுக்கப் பச்சையா இருக்கே! இப்படி ஒரு கவரேஜை நாங்க பாத்ததே இல்லையே. யார் பண்ணது?"

சார் பெருமையோடு என்னைக் காட்டினார். எனக்கு ஒரு நிமிடம் சும்மா இருந்துவிடலாம் என்றுதான் தோன்றியது. ஆனால் காலையில்தான் ஒரு கரை முழுவதும் ஒரு பக்கத்தை நம்பி உட்கார்ந்திருந்ததைப் பார்த்திருந்தேன்.

"மேடம், அது கவரேஜ் இல்ல" என்றேன். "கடல்."

முருகேசன் சார் தும்மினார். அன்று மிளகாய் இறங்கவில்லை.

என் புரொபேஷன் நீண்டது. அந்த நாட்களில் டெஸ்டாக எழுதித் தள்ளினேன். அப்போதுதான் ஒன்று தெரிந்தது. வானிலைத் தகவல் வராத நாளில் என் பக்கம் தானாகவே பச்சை காட்டும்படி எழுதிவைத்திருக்கிறேன்! ரிப்போர்ட் சிவப்பாக இருந்ததில் தப்பே இல்லை. அதைத் திருத்தினேன், தகவல் இல்லாவிட்டால் சிவப்பு என்று. வேலையும் நிரந்தரமானது. இப்போது ரிப்போர்ட்டுக்குத் தனி ஃபோல்டர், தனி முகவரி. கம்ப்யூட்டர் ஏதாவது கேட்டால் கடைசி எழுத்துவரை வாசிக்கிறேன்.

ஆனால் அந்தச் சிவப்புப் பக்கம் போகவில்லை. டிவியில் அது தெரிந்த சாயங்காலம் டென்னிஸ் அண்ணன் அதைப் போட்டோ எடுத்து வைத்திருந்தார். அப்பா அதை வாங்கி, பெரிதாக்கி, கண்ணாடிச் சட்டம் போட்டு, எங்கள் வீட்டு முன்னறையில் மாதா படத்துக்குக் கீழே மாட்டிவிட்டார். மாதா படத்துக்குப் போட்ட சின்ன விளக்கின் வெளிச்சம் 'சீரோ பர்சன்ட்' மேலும் விழும்.

போன மாதம் என்னைப் பெண் பார்க்க வந்தார்கள். மாப்பிள்ளையின் அம்மா அந்தச் சட்டத்தையே வெகுநேரம் உற்றுப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டார்.

"இது பொண்ணுக்க மார்க் ஷீட்டா?"

அந்தோணி மாமா வாய் திறப்பதற்குள் அப்பா முந்திக்கொண்டார்.

"மார்க் இல்ல. ஒரு நாள் முழுக்க இந்தக் கரையையே நிறுத்தி வச்ச தாளாக்கும். ஒங்க மவன் இதுவரைக்கும் ஒரு பஸ்ஸையாவது நிறுத்தியிருக்கானா?"

மாப்பிள்ளை மட்டும் சிரித்தார். பேச்சு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. (இப்போதைக்கு மஞ்சள்.)