நோவுக்காவின் தொண்டை

எங்கள் மலையில் யாருக்கு எங்கே வலித்தாலும் அதை முதலில் அறிவிக்கிற உரிமை நோவுக்காவுக்குத்தான். வலித்தவர்கள் கூட அவளுக்கு அப்புறம்தான்.

கொட்டச்சேடு பக்கம் காப்பி எஸ்டேட்டில் நானும் அவளும் அடுத்தடுத்த வரிசையில் பழம் பறித்தோம். நாங்களெல்லாம் பல்லு, இடுப்பு, முட்டி நோவுது என்போம். அவளுக்கோ உலகமே நோகும். கிளையை வளைத்தால், "மெதுவா புள்ள, செடிக்கு நோவுது." மஞ்சக்குட்டைக்குப் போகிற ஜீப் மேட்டில் முக்கினால், "எல்லாரும் எறங்குங்க, வண்டிக்கு நோவுது." ஒருநாள் நிஜமாகவே எங்களை இறக்கி நடக்க வைத்தாள். டிரைவர் காலி ஜீப்பில் பாட்டுக் கேட்டுக்கொண்டே மேலே போனார்.

ஒருமுறை பழ மூட்டை அவள் காலிலேயே விழுந்தது. எஸ்டேட் கணக்கு எழுதுகிற ரைட்டர் ஓடி வந்தார்.

"ஏனுங்கக்கா, நோவுதுங்களா?"

"மூட்டையக் கேளுங்க. அதுதான உழுந்துச்சு."

தன் உடம்புக்கு மட்டும் அந்த வார்த்தையை அவள் செலவழித்ததே இல்லை.

இதோடு நின்றிருந்தால் எனக்கு ஒன்றுமில்லை. ஒப்பாரியிலும் அவள்தான் ராணி. எங்கள் எஸ்டேட் லைன் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. யார் முதலில் பாட்டை எடுக்கிறாளோ, அந்தச் சாவு அவளுடையது. மற்றவர்கள் கடைசி இழுப்பை மட்டும் சேர்ந்து இழுக்கலாம். நான் வாய் திறப்பதற்குள் அவள் எடுத்திருப்பாள்.

"காப்பிப் பழம் பறிச்ச கையி, காம்புக்கும் நோகாத கையி" என்று ஒருவருக்குப் பாடினாள். அந்த ஆள் கிளையோடு ஒடித்துப் பறிக்கிறவர். அதற்காக ரைட்டரிடம் தினமும் திட்டு வாங்கியவர். ஆனாலும் ரைட்டரே துண்டால் மூக்கைச் சிந்தினார். நானும்தான் அழுதேன். பாதி, பாட்டுக்காக. மீதி, அந்த அடி எனக்குத் தோன்றவில்லையே என்கிற வயிற்றெரிச்சலில்.

என் வீட்டுக்காரர் வேறு எண்ணெய் ஊற்றுவார். "நான் போனா நோவுக்காதான் பாடோணும். நீ பாடுனா பக்கத்துல படுத்திருக்கற எனக்கே கேக்காது."

நாலு பேர் முன்னால் பேச எனக்கு எப்போதும் வராது. ஆனால் அடுப்பு ஊதும்போது அவருக்கென்று ஒரு பாட்டுக் கட்டி வைத்திருந்தேன்.

போன மழைக்காலத்தில் அவர் போய்விட்டார். வாசல் நிறையக் கூட்டம். எல்லோரும் பாதையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கும் தெரியும், யாரை என்று. என் புருஷன் சாவையும் அவளுக்குக் கொடுக்க வேண்டுமா என்று நெஞ்சு கொதித்தது.

நோவுக்கா வந்தாள். தலைமாட்டில் உட்கார்ந்து என் தோளைக் கட்டிக்கொண்டாள். மூச்சை இழுத்து, "ஏ எஞ்சாமி..." என்று எடுத்தாள். என் முகத்தைப் பார்த்தாள். சட்டென்று நிறுத்தினாள்.

"என்னுங்கக்கா?" என்றாள் ஒருத்தி.

"தொண்ட நோவுது. நொம்ப நோவுது. நீயே எடு, கண்ணு" என்றாள் என்னிடம்.

லைன் முழுக்க வாயைப் பிளந்தது. அவளுக்கே நோகிறதா! கையில் போன் பிடித்துப் படமெடுத்துக்கொண்டிருந்த பெண் போனையே கீழே இறக்கிவிட்டாள்.

நான் எடுத்தேன். "நோகப் பேசுன வாயும் நீ, நோவுதான்னு கேட்ட வாயும் நீ..." என் குரல் வாசல் வரைக்கும் கேட்டது. கடைசி இழுப்பை நோவுக்கா இழுத்தாள், எல்லோரையும் போல.

மறுநாள் காலையில் பள்ளத்திலிருந்து ஒரு சத்தம். "ஏனுங்க டிரைவரே, கியர மாத்துங்க! வண்டிக்கு நோவுது!" மூன்று வளைவு தாண்டி எதிரொலித்தது.

அவள் மேலே வந்ததும், "தொண்ட எப்படியிருக்குதுக்கா?" என்றேன்.

"எந்தத் தொண்ட?" என்றாள்.

இப்போது அடுப்படியில் அவளுக்கும் ஒரு பாட்டுக் கட்டி வைத்திருக்கிறேன். அவளுடைய பாட்டையெல்லாம் விட நல்ல பாட்டு. வேறு யாரையும் எடுக்க விடமாட்டேன். ஆனால் அதைப் பாடுகிற நாள் மட்டும் வரவே வேண்டாம்.