மழைக்குக் கழிவு போட்டவர்

திண்டுக்கல் பூ மார்க்கெட்டில் மைக்செட்டு அண்ணனால் விற்க முடியாத பூ என்று ஒன்று பூத்ததில்லை. அவரால் படித்து முடிக்க முடிந்த புத்தகம் என்று ஒன்று அச்சானதும் இல்லை.

ஞானஸ்நானத்தில் அவருக்கு வைத்த பெயர், வைத்த சாமியாருக்கே மறந்திருக்கும். கமிஷன் கடையில் ஏலம் கூவுவது அவர் வேலை. மூட்டைகளுக்கு நடுவே உள்ள கல்மேடையில் ஏறி நின்று "மல்லி!" என்றால், நத்தம் பஸ்ஸில் ஏறித் தூங்கிப்போனவர் தம்மைத்தான் கூப்பிடுகிறார்கள் என்று இறங்கி வந்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் கொஞ்சம் மெதுவாகப் பாடும்படி பாடகர் குழு அவரைக் கேட்டுக்கொண்டது. "மெதுவாத்தானப்பா பாடுறேன்" என்று அவர் சொன்னது, மூன்று தெரு தள்ளியிருந்தவர்களுக்கும் பதிலாக அமைந்தது.

நான் அப்போது ஒரு நாளிதழின் மாவட்டப் பக்கத்துக்குப் பூ விலை எழுதிக்கொண்டிருந்தேன். தினமும் காலையில் அந்தக் கல்மேடைக்குப் பக்கத்தில்தான் நிற்பேன். அதனால் பந்தயம் பிறந்த நேரத்தில் நானும் அங்கே இருந்தேன்.

அவர் மகள் ஜெனி பிளஸ் டூவுக்குப் போகவிருந்தாள். கோடை விடுமுறையில் படித்து வரும்படி தமிழாசிரியை ஒரு பழைய நாவலைச் சொல்லியிருந்தார். தலைக்கு வைத்துப் படுக்கலாம், அவ்வளவு தடிமன். பள்ளி திறந்ததும் ஒவ்வொருவரும் எழுந்து அதைப் பற்றிப் பேச வேண்டும். சோற்று வாளியோடு மார்க்கெட்டுக்கு வந்த ஜெனியிடம் அவர் விசாரித்தார்.

"ஏத்தா, அந்தப் புஸ்தகம் எம்புட்டு ஆச்சு?"

"போரடிக்குதுப்பா. யூடியூப்ல கதைச்சுருக்கம் இருக்கு, அதப் பாத்துட்டுப் போயிக்கிறேன்."

"சாம்பிளக் காட்டி மூட்டைய விக்கிற வேலையா? ஒரு புஸ்தகத்த முடிக்கத் துப்பில்ல, நீ காலேசுக்குப் போயி என்னத்தப் படிக்கப் போற?"

"நீங்க முடிச்சுருவீங்களாக்கும்? மொதல்ல நீங்க முடிங்க. நீங்க முடிச்சா நானும் முடிச்சு, கிளாஸ்ல எந்திரிச்சுப் பேசுறேன். முடிக்கலேன்னா இனிமே வீட்டுல என்னயப் படின்னு சொல்லக் கூடாது."

செத்த நேரம் யோசித்திருக்கலாம். வாய்ப் பழக்கம் முந்திக்கொண்டது. "ஒரு தரம், ரெண்டு தரம், மூணு தரம்!"

மூணு தரம் சொன்னால் பேரம் முடிந்தது. அதன் பிறகு பூவுக்குச் சொந்தக்காரரே வந்து அழுதாலும் மாறாது. அண்ணன் மேடையிலிருந்து இறங்கியபோது முகம் வெளுத்திருந்தது. அவர் ஒன்பதாம் வகுப்பில் பள்ளிக்கூடத்தை விட்டு ஓடி வந்து மூட்டை தூக்கியவர். மகள் காலேஜ் வாசலை மிதிக்க வேண்டும் என்பதைத் தவிர அவருக்கு வேறு ஆசை இருந்ததாகத் தெரியவில்லை. காலையில் எழுந்ததும் "படி", சாப்பிடும்போது "படி", விளக்கணைக்கும்போது "நாளைக்கு எந்திரிச்சுப் படி." அந்தச் சொல் பறிபோனால் மகளிடம் பேச அவரிடம் வேறு சொல் கிடையாது.

வீட்டில் படிக்க முடியவில்லை. முதல் பக்கத்தின் பாதியில் தூங்கிவிடுவார்; குறட்டையும் குரலுக்கேற்ற குறட்டை. மனசுக்குள் படிப்பது என்றால் என்ன என்பதே அவருக்குப் பிடிபடவில்லை. "சத்தம் வராம எப்படிப்பா எழுத்து உள்ள போகும்?" என்று என்னிடம் நிஜமாகவே கேட்டார். கடைசியில், ஏலம் முடிந்து மார்க்கெட் ஓய்கிற வேளையில், அதே கல்மேடையில் நின்றுகொண்டு புத்தகத்தை விரித்தார். நின்றால் அவருக்குத் தூக்கம் வராது.

ஏலம் கூவுகிற ராகத்திலேயே படித்தார். "அந்தி சாய்ந்தது... அந்தி சாய்ந்தது... அந்தி சாய்ந்தது!" சிறுமலையிலிருந்து வந்திருந்த ஒருவர் புது ரகப் பூ என்று நினைத்துக் கையைத் தூக்கிவிட்டார்.

இரண்டாம் நாளே ஆசிரியர் மேல் அவருக்குச் சந்தேகம் வந்தது. "இந்த ஆளு தண்ணி தெளிச்சிருக்கான்யா!" என்றார். மல்லி மூட்டைக்கு எடை கூட்ட, சில பேர் பூவின் மேல் தண்ணீர் தெளித்துக் கொண்டுவருவார்கள். கையை விட்டுப் பார்த்ததுமே தெரியும். ஈரத்துக்கு இவ்வளவு என்று எடையில் கழிவு போட்டுவிட்டுத்தான் ஏலத்தில் வைப்பார்கள். "பாருங்க, நிலா காயுது, ஒரு பக்கம். ஆத்தங்கரை, ஒண்ணரைப் பக்கம். ஒருத்தனும் வாயத் தொறக்கல. அம்புட்டும் ஈரம்!"

எனவே கழிவு போட்டார். கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்த்துத் தாளைப் பிடிப்பார், பூவைச் சோதிக்கிற அதே பிடி. முதல் வரியில் நிலாவோ, மேகமோ, மழையோ தென்பட்டால் "ஈரம்" என்று அறிவித்துவிட்டுப் புரட்டுவார். கூட்டம் அதை நியாயம் என்றே ஏற்றுக்கொண்டது.

ஆம், கூட்டம் சேர்ந்துவிட்டது. மாலை கட்டும் பஞ்சவர்ணம் அக்கா கையில் நாரோடு வந்து உட்கார்ந்தார். தர்காவுக்குப் பூ வாங்க வரும் பேகம்பூர் பாய் வாங்கிய பூவை மடியில் வைத்துக்கொண்டே கதை கேட்டார். கதையில் அண்ணனும் தம்பியும் ஒரே வீட்டில் குடும்பத்தோடு இருக்கிறார்கள். தம்பி மனைவிக்குப் பிரசவ வலி. மருத்துவச்சியைக் கூட்டி வர அண்ணன் ஆற்றைத் தாண்டிப் போகிறான். அடுத்த வரி, "மழை பிடித்துக்கொண்டது." மைக்செட்டு அண்ணன் தாளைத் தடவினார். "மூணு பக்கம். அம்புட்டும் ஈரம்!"

புரட்டிய இடத்தில் குழந்தை பிறந்திருந்தது. மார்க்கெட்டே மகிழ்ந்தது. ஆனால் போன அண்ணன் வரவில்லை.

"எங்கப்பா போனாரு மனுசன்?" என்றார் பாய். அண்ணன் பாத்திரத்தின் மேல் அவருக்குத் தனிப் பிரியம். "வெளிநாட்டுக்குப் போயிருப்பாரோ? விசா கெடச்சிருக்கும்."

"அந்தக் காலத்துல ஏது பாய் விசா? வருவான். பெரிய கை எப்பவும் ஏலத்துக்குக் கடேசியிலதான் வரும்" என்றார் மைக்செட்டு அண்ணன்.

கதையில் பதினாறாம் நாள் அந்த வீட்டில் ஊருக்கே சோறு போட்டார்கள். குழந்தைக்குப் பெயர் வைக்கிற விருந்து என்று மைக்செட்டு அண்ணன் விளக்கினார். அண்ணி வெள்ளைச் சேலையில் வந்தாள். "வெயில் காலம்ல" என்றார் பாய். பிறகு இந்த வரி வந்தது: "அண்ணி அதன் பிறகு பூவைத் தொடவேயில்லை."

பூ மார்க்கெட்டில் படிக்கத் தகாத வரி. எல்லோருக்கும் கோபம்.

"ஏன் தொடல? பூ என்ன பண்ணுச்சு?"

"முகூர்த்த நாளா இருக்கும்யா. வெல ஏறியிருக்கும்."

எல்லோரும் தலையாட்டினார்கள். பஞ்சவர்ணம் அக்கா மட்டும் போட்ட முடிச்சை இறுக்காமல் நாரைப் பிடித்தபடி இருந்தார். அப்புறம் மறுபடியும் கட்டத் தொடங்கினார். அவர் கையில் எப்போதும் முழம் முழமாகப் பூ இருக்கும். தலையில் ஒரு மொட்டு இருந்து நான் பார்த்ததில்லை.

பள்ளி திறக்கும் வாரம் வந்தது. அண்ணன் கடைசிப் பக்கத்தை எட்டினார். அன்று ஏலத்துக்கு வந்தவர்களில் பாதிப் பேர் ஊருக்குப் போகவில்லை. ஆற்றைத் தாண்டிப் போன பெரியவர் திரும்பி வரும் காட்சிக்காகப் பாய் ஒரு ரோஜா மாலையே வாங்கி வைத்திருந்தார். கதையில் தம்பி விளக்கேற்றினான், குழந்தை நடந்தது, "முற்றும்" என்று போட்டிருந்தது. மைக்செட்டு அண்ணன் தாளைத் திருப்பிப் பார்த்தார். அட்டை வந்துவிட்டது.

"மோசடி!" மார்க்கெட் கூரையில் இருந்த புறாக்கள் எல்லாம் பறந்தன. "ஒரு ஆள அனுப்பிட்டு, கடேசி வரைக்கும் கூட்டிட்டு வராம கதைய முடிச்சுட்டான்யா!"

அந்த நேரம் பார்த்துச் சோற்று வாளியோடு ஜெனி வந்தாள்.

"ஏத்தா, முடிச்சுட்டேன். செயிச்சுட்டேன். ஆனா இது ஓட்டைக் கதை. அந்தப் பெரியவன் வரவே இல்ல."

"எப்படிப்பா வருவாரு? அவரு ஆத்துல போயிட்டாரே. மழை பேஞ்ச அன்னிக்கே."

அண்ணனின் வாய் திறந்தபடி இருந்தது. சத்தம் வரவில்லை. அப்படி ஒரு காட்சியை நான் முதல் முறையாகப் பார்த்தேன்.

"ஒனக்கு எப்படித் தெரியும்?"

"தெனமும் சாப்புடுறப்ப நீங்க சொன்ன கதை ஒண்ணுக்கொண்ணு ஒட்டவே இல்லப்பா. வெயிலுக்கு வெள்ளச் சேலைன்னீங்க, பூ வெல ஏறிப்போச்சுன்னீங்க. என்னதான் நடக்குதுன்னு எடுத்துப் பாத்தேன். நேத்தே முடிச்சுட்டேன்." அவள் புத்தகத்தை வாங்கி அந்த இடத்தைப் பிரித்தாள். "இந்த மூணு பக்கத்தையும் படிச்சீங்களா?"

"கழிவு போட்டுட்டேன்" என்றார் அவர்.

பாய் ரோஜா மாலையை மெல்லக் கீழே வைத்தார். பஞ்சவர்ணம் அக்காதான் பேசினார்.

"அந்தப் புள்ள பூவைத் தொடலேன்னப்பவே எனக்குத் தெரியும் தம்பி."

"அப்ப ஏன்க்கா சொல்லல?"

"அம்புட்டுப் பேரும் ஆசையா அவனுக்காகக் காத்துக்கிட்டு இருந்தீங்க. நான் எப்படிச் சொல்லுவேன்?"

அண்ணன் மேடையில் மறுபடி ஏறினார். ஜெனி விரலால் காட்டிய வரியிலிருந்து அந்த மூன்று பக்கத்தையும் படித்தார். ஏல ராகம் இல்லை. குரல் பக்கத்திலிருந்த எனக்கே சரியாகக் கேட்காததால் நெருங்கிப் போனேன், எல்லோரும் நெருங்கினார்கள். மழை பெய்தது. ஆறு ஏறியது. பெரியவன் தலைத்துண்டை அவிழ்த்து இடுப்பில் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினான். படித்து முடித்ததும் அவர் புத்தகத்தை மகளிடம் கொடுத்து, "தெரியாம போச்சுத்தா" என்றார். யாரிடம் சொன்னார் என்று எனக்குத் தெரியவில்லை. பஞ்சவர்ணம் அக்கா தலையை நிமிர்த்தாமல் பூ கட்டிக்கொண்டிருந்தார்.

பள்ளி திறந்தது. ஜெனி வகுப்பில் எழுந்து பேசினாள். எந்தப் பகுதி பிடித்தது என்று ஆசிரியை கேட்டதற்கு, "எங்கப்பா படிக்காம விட்ட மூணு பக்கம்" என்றாளாம். இப்போது மதுரையில் கல்லூரியில் படிக்கிறாள். தினமும் போனில் "படி" என்று அவர் சொல்வது அவளுடைய விடுதி முழுக்கக் கேட்கிறது.

போன மாதம் ஊருக்குப் போயிருந்தபோது மேடையில் இருந்தபடியே என்னைப் பார்த்துவிட்டார். "வாப்பா! வேற ஏதாச்சும் புஸ்தகம் வச்சிருக்கியா? ஈரமா இருந்தாலும் பரவால்ல!"

பத்திரிகைத் தொழிலிலும் கழிவு உண்டு. பக்கத்துக்கு அடங்காதபோது முதலில் வெட்டுவது மழையையும் நிலாவையும்தான். நானே எவ்வளவோ வெட்டியிருக்கிறேன். இந்தக் கட்டுரை நீளம் என்றால் பூ விலையை எடுத்துவிடலாம், புறாக்களை எடுத்துவிடலாம், என்னையும் எடுத்துவிடலாம் என்று உதவி ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறேன். அண்ணன் மெல்லிய குரலில் படித்த அந்த மழையை மட்டும் விட்டுவைக்கச் சொன்னேன்.