பச்சை அட்டையும் அட்டைப்பெட்டியும்

ஏப்ரல் பதினாலாம் தேதி என் மாமனாரும் மாமியாரும் மணிலாவுக்கு விமானம் ஏறுவார்கள். நானே கூட்டிப்போய் ஏற்றிவிடுவேன். வீட்டுக்கு வந்து, கராஜில் இருக்கும் என் சாய்வு நாற்காலியில் காலை நீட்டிப் படுப்பேன். இது சபதம்.

வெறும் வாய்ச் சபதம் இல்லை. சமையலறை நாள்காட்டியில் அந்தத் தேதியைச் சுற்றிச் சிவப்பு மையில் வட்டமே போட்டிருந்தேன். ஆபீசில் லீவும் எழுதிக் கொடுத்தாயிற்று. நான் போயெட். டேலி சிட்டியில் தபால்காரன். இந்த மூடுபனியில் இருபத்திரண்டு வருஷமாக வீடு வீடாகக் கடிதம் போடுகிறேன். லீவு என்று கேட்டதும் மேலதிகாரி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்.

அவர்கள் வந்தது அக்டோபரில். டூரிஸ்ட் விசா, ஆறு மாசம். “சும்மா பாத்துட்டுப் போயிடுவோம், மாப்பிள்ளை” என்றார் மாமனார் அனக்லேத்தோ. பார்த்தார். ஊருக்கே பேர்போன அந்தச் சிவப்புப் பாலத்தை அரைமணி நேரம் பார்த்தார். அதற்கப்புறம் என் நாற்காலியில் உட்கார்ந்து என் டிவியைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

காலை ஐந்தரை மணிக்கு மைக்கை எடுத்துவிடுவார். எங்கள் ஊர்க்காரர்களுக்குப் பாட்டு மூச்சு மாதிரி, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மூச்சு விட யாராவது ஒலிபெருக்கி வைப்பார்களா? அதே நேரம் மாமியார் ரொசெண்டா பூண்டுச் சோற்றுக்குக் கருவாடு பொரிப்பார். புகை அலாரம் கத்தும். மாமனார் உச்சஸ்தாயியில் பாடுவார். எது அலாரம், எது மாமனார் என்று புரியாமல் பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு தடவை தீயணைப்பு வண்டியைக் கூப்பிட்டுவிட்டார்.

இதில் ஒரே ஆறுதல், என்னைப் பெற்ற சத்துர்னினா அம்மா ஊரில், விகானில் இருக்கிறார் என்பதுதான். எங்கள் கல்யாண விருந்தில் யார் வீட்டுப் பன்றி வறுவல் பெரிசு என்று ஒரு சண்டை ஆரம்பித்தது. அன்றைக்குப் பேச்சை நிறுத்திய அம்மாவும் மாமியாரும் இருபது வருஷமாகப் பேசவில்லை. அம்மாவுக்கு நான் நின்றாலும் குற்றம், உட்கார்ந்தாலும் குற்றம். ஞாயிற்றுக்கிழமை போனில் பேசினால் எங்கள் பாசத்துக்கு அது தாராளம்.

ஜனவரியில் ஒரு நாள் என் மனைவி லிகாயா துணி மடித்துக்கொண்டே மெதுவாக ஆரம்பித்தாள்.

“போயெட், அப்பா அம்மாவுக்கு கிரீன் கார்டுக்கு எழுதிப் போட்டா என்ன?”

எனக்குப் புரை ஏறியது. வாயில் ஒன்றும் இல்லை, ஆனாலும் ஏறியது. கிரீன் கார்டு என்றால் பச்சை அட்டை. அட்டை ஒட்டிக்கொண்டால் விடுமா?

“தாராளமா போடலாமே. ஆனா நல்லா யோசிச்சுச் செய்யணும்.”

“எவ்வளவு நாள் யோசிக்கணும்?”

“ஒரு ஆறு மாசம்?”

“அதுக்குள்ள விசா முடிஞ்சிடுமே.”

“அடடா! அது எனக்குத் தோணவே இல்லையே!”

லிகாயா முதியோர் இல்லத்தில் நர்ஸ். மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்துக்கொண்டு ‘முழுங்கிட்டேன்’ என்று சொல்லும் கிழவர்களை தினமும் பார்க்கிறவள். அதே பார்வையை என் மேல் ஒரு நிமிஷம் வைத்திருந்துவிட்டு, மறுபடி துணி மடிக்கப் போய்விட்டாள்.

நான் கராஜுக்குப் போனேன். மாமனாரின் பலவீனம் எனக்குத் தெரியும். ஊரில் அவருக்குப் பன்னிரண்டு சண்டைச் சேவல்கள்.

“மாமா, சேவலெல்லாம் எப்படி இருக்கு?”

“தம்பி பொன்சோங் பாத்துக்கறான்.”

“பாத்துக்கறாரா, சமைச்சுக்கறாரா?”

மாமனார் மைக்கைக் கீழே வைத்தார். அக்டோபருக்கு அப்புறம் அது கீழே இறங்கியது அன்றைக்குத்தான்.

“கிரீன் கார்டுக்கு எழுதிப் போட்டா நடுவுல ஊருக்குப் போக முடியாது மாமா. போனா எல்லாம் பாழ். ஒரு வருஷம் ஆகலாம், ரெண்டு வருஷம் ஆகலாம். அதுவரைக்கும் அந்த வாயில்லா ஜீவனெல்லாம் என்ன பாடு படும்? உங்க செல்லச் சேவல் ஒண்ணு இருக்குமே...”

“மாப்பிள்ளை.”

“சொல்லுங்க மாமா.”

“உங்களைக் கூப்பிடல. அந்தச் சேவல் பேரே மாப்பிள்ளை.”

எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிட்டது. “என் ஞாபகமாவா வச்சீங்க?”

“ஆமா. சண்டைன்னா ஓடிடும்.”

சொல்லிவிட்டுப் போகட்டும். மருந்து உள்ளே இறங்கிவிட்டது. அன்று மாலை முழுக்க அவர் பாடவில்லை. மறுநாள் லிகாயா வந்தாள்.

“அப்பாகிட்ட சேவலைப் பத்திப் பேசினியாமே?”

“சும்மா விசாரிச்சேன்.”

“நல்லதுதான் பண்ணியிருக்க. குழம்பிட்டே இருந்தாரு, இப்ப தெளிவாயிட்டாரு. ஏப்ரல் பதினாலுக்குள்ள எல்லா வேலையையும் முடிச்சாகணும். ஒத்தாசை பண்ணுவியா?”

“உயிரையே குடுப்பேன்!”

“உயிரை நீயே வச்சுக்க. வெள்ளை விரிப்பு ஒண்ணு எடுத்துட்டு வா, படம் எடுக்கணும்.”

விரிப்பைச் சுவரில் மாட்டி நானே படம் எடுத்தேன். எங்கள் நாட்டில் தும்மினால்கூட ரெண்டுக்கு ரெண்டு அளவில் படம் கேட்பார்கள். ஊருக்குப் போனதும் எதற்காவது வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

“அப்பா, சிரிக்காதீங்க” என்றாள் லிகாயா.

“கிளம்புற சந்தோஷத்துல சிரிச்சுட்டுப் போகட்டுமே!” என்றேன்.

“காது தெரியணும்” என்றாள்.

அடுத்த வாரம் டாக்டர். நானே காரில் கூட்டிப்போனேன். மாமியார் தோளைத் தடவிக்கொண்டே வெளியே வந்தார்.

“நாலு ஊசி, மாப்பிள்ளை!”

“பயணம்னா அப்படித்தான் அத்தை. பல்லைக் கடிச்சுக்குங்க.”

மாமியார் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். நர்ஸ் கொடுத்த மிட்டாயை என் சட்டைப்பையில் போட்டார். அந்தப் பரிதாபம் ஏன் என்று அப்போதே யோசித்திருக்க வேண்டும்.

அதற்கப்புறம் ஒரு தாள். “இதுல ஒரு கையெழுத்துப் போடு” என்றாள் லிகாயா.

“என்னது இது?”

“அப்பா அம்மாவுக்கு நாம பொறுப்புன்னு. படிச்சுப் பாத்துட்டுப் போடு.”

“பெரியவங்க விஷயத்துல படிச்சா கையெழுத்துப் போடுவாங்க? குடு இங்க!”

வழியனுப்புகிற உற்சாகத்தில் பூப்போட்டுக் கையெழுத்திட்டேன். கையெழுத்து என்று நினைத்துத்தான் போட்டேன். அது தலையெழுத்து.

மார்ச் கடைசியில் வீட்டுக்கு அட்டைப்பெட்டி வந்தது. எங்கள் ஆட்கள் ஊருக்கு அனுப்பும் பெட்டி. ஓர் ஆள் உள்ளே படுத்துத் தூங்கலாம். அதைப் பார்த்ததும் எனக்குக் கால் தரையில் பாவவில்லை. டப்பா இறைச்சி, சோப்பு, துண்டு, சாக்லெட், பற்பசை என்று நானே ஓடி ஓடி வாங்கி வந்தேன். இடம் போதவில்லை. மேலே ஏறி உட்கார்ந்து அமுக்கினேன். என் புது ஷூவை மாமனார் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

“பொன்சோங்குக்கு இதே அளவுதான்.”

“அதுக்கென்ன மாமா? போடுங்க உள்ள!”

ஏப்ரல் முதல் சனிக்கிழமை, பெட்டியை எடுத்துப்போகக் கப்பல் கம்பெனி ஆள் வந்தான். நான் பூரித்துப்போய் வாசலில் நின்றேன்.

“ஊர்ல யாரு பேருக்கு?” என்று கேட்டான்.

“பொன்சோங் பேருக்கு” என்றார் மாமனார்.

“ஏன் மாமா பொன்சோங்? உங்க பேரையே போடுங்க. கப்பல் போய்ச் சேர ரெண்டு மாசம். அதுக்கு ரொம்ப முன்னாடியே நீங்க வீட்டுல இருப்பீங்களே.”

மாமனார் கூரையைப் பார்த்தார். மாமியார் தன் செருப்பைப் பார்த்தார். கப்பல்காரன் என்னைப் பார்த்தான்.

“அண்ணே, ஊருக்குப் போறவங்க பெட்டியைக் கையோட விமானத்துல ஏத்திட்டுப் போவாங்க. போகாதவங்கதானே கப்பல்ல போடுவாங்க?”

எங்கள் ஊர்க் கைக்குழந்தைக்குக்கூடத் தெரிந்த விஷயம். ஊருக்கே தபால் போடுகிற எனக்குத் தெரியாமல் போனது. உள்ளே அமுக்கின உற்சாகத்தில் மூளையையும் சேர்த்து அமுக்கிவிட்டேன் போலிருக்கிறது.

அந்த நேரம் பார்த்து லிகாயா அன்றைய தபாலோடு வந்தாள். மேலே ஓர் அரசாங்க உறை. இந்த ஊரில் எத்தனையோ வீட்டுக்கு நானே கொண்டுபோய்க் கொடுத்த உறை. உறையைப் பார்த்தேன், உறைந்தேன்.

“அப்பா அம்மாவுக்குக் கைரேகை வைக்கத் தேதி வந்திருக்கு” என்றாள். “கிரீன் கார்டுக்குப் போட்டது ஏத்துக்கிட்டாங்க. பேப்பர் வர்ற வரைக்கும் இங்கேயே இருக்கலாம்.”

“பச்சைப் பொய்!” என்று கத்தினேன்.

“அட்டைதான் பச்சை. நான் என்ன பொய் சொன்னேன்? படம் வேணும்னேன், நீ எடுத்த. டாக்டர்னேன், நீ கூட்டிட்டுப் போன. படிச்சுப் பாத்துட்டுக் கையெழுத்துப் போடுன்னேன், நீ பூப்போட்டுப் போட்ட. ஒரு பொய் காட்டு பாப்போம்.”

மாமனார் பக்கம் திரும்பினேன்.

“மாமா, அப்ப சேவலெல்லாம்?”

“பொன்சோங்குக்கே குடுத்துட்டேன். நீங்க சொன்ன பிறகுதான் புத்தி வந்துது. ரெண்டு வருஷம் அதுங்க ஏன் கஷ்டப்படணும்?”

“மாப்பிள்ளையையுமா குடுத்துட்டீங்க?”

“அதை மட்டும் அவன் சமைச்சுட்டான்.”

கப்பல்காரன் சிரிப்பை அடக்கிக்கொண்டு பெட்டியைத் தள்ளிப்போனான். என் ஷூவும் போயிற்று.

“என்கிட்டயே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?” என்றேன். குரல் எனக்கே அழுகிற மாதிரி கேட்டது.

“சொன்னேனே. ஆறு மாசம் யோசிக்கணும்னியே.” லிகாயா உறையைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். “போன வருஷம் அம்மா குளியலறையில விழுந்து காலையிலேர்ந்து மத்தியானம் வரைக்கும் அப்படியே கிடந்தாங்க. அப்பா சேவல்கிட்ட இருந்தாரு. எனக்குப் போன் வந்தப்ப நான் என்ன பண்ணிட்டிருந்தேன் தெரியுமா? யாரோ பெத்த ஒரு அம்மாவைக் குளிப்பாட்டிட்டிருந்தேன், போயெட். என் அம்மாவைத் தூக்கிவிட ஆளில்ல. இன்னொரு தடவை அப்படி ஒரு போன் வந்தா என்னால தாங்க முடியாது.”

எனக்கு வெட்கமாக இருந்தது. நாற்காலிக்காகவா இத்தனை நாள் மல்லுக்கட்டினேன் என்று இருந்தது. மாமியார் கிட்டே வந்து, “காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடல நீங்க. கருவாடு இருக்கு, சூடா சோறு போடட்டுமா?” என்றார். நான் தலையாட்டினேன். பெட்டி போய்விட்டது, பாம்பு மட்டும் வாசலில் அடங்கி நின்றது.

மூன்றாவது கவளத்தில்தான் ஞாபகம் வந்தது.

“லிகாயா, பதினாலாம் தேதி லீவு போட்டிருந்தேனே. திங்கட்கிழமை போய் வேண்டாம்னு எழுதிக் குடுத்துடறேன்.”

“ஐயோ, வேண்டாம். அன்னிக்கு நீ விமான நிலையம் போகணும்.”

“அதான் யாரும் போகலையே?”

“யாரு போறாங்கன்னு சொன்னேன்? உன் அம்மா வர்றாங்க.”

சோறு தொண்டையில் நின்றுவிட்டது. மாமியார் தண்ணீரை நகர்த்தி வைத்தார்.

“நான்தான் போன் போட்டு வரச் சொன்னேன், மாப்பிள்ளை” என்றார். “சம்பந்தியும் எத்தனை நாளைக்குத் தனியா கிடப்பாங்க? எனக்கும் இங்க சரிசமமா சண்டை போட ஆளில்ல.”

இதற்கு எப்படி மறுப்புச் சொல்வது? வரப்போவது என்னைப் பெற்றவள். தண்ணீரை ஒரே மூச்சில் குடித்துவிட்டு, கடைசியாக ஒரு நம்பிக்கையில் கேட்டேன்.

“டூரிஸ்ட் விசாதானே? ஆறு மாசம்தானே?”

“ஆறு மாசம்தான்” என்றாள் லிகாயா, என் தட்டில் இன்னொரு கருவாட்டை வைத்தபடி. “அந்த வெள்ளை விரிப்பைத் துவைச்சு வச்சிருக்கேன்.”