சலவைக்கடை அக்காவின் "சரி, அப்புறம்?"

பேரன்புள்ள மாமாவுக்கு, உங்கள் மருமகள் வணக்கத்துடன் எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம்; ஓர் இஸ்திரிப் பெட்டிக்குத்தான் உடம்பு சரியில்லை. உங்கள் நலனையும் அத்தையின் முழங்கால் நலனையும் அறிய ஆவல்.

உங்கள் ஆபீஸில் யாருமே உண்மை சொல்வதில்லை என்று போன கடிதத்தில் வருத்தப்பட்டிருந்தீர்கள். நீங்கள் அறைக்குள் நுழைந்தாலே "எல்லாம் நல்லாப் போகுது சார்" என்கிறார்களாம். சரக்கு லாரி பள்ளத்தில் கிடப்பது மறுநாள்தான் தெரிகிறதாம். கவலைப்படாதீர்கள். விடுமுறையில் அம்மா இஸ்திரி போடும் சலவைக்கடைக்கு அவளோடு போகிறேன் அல்லவா, அங்கே இதற்கு மருந்து கண்டுபிடித்துவிட்டேன்.

கடை முதலாளி அக்கா, காலையில் இயந்திரங்களை ஓடவிடுமுன் எல்லாரையும் துணி மடிக்கும் மேசையைச் சுற்றி நிற்கவைத்து, முந்தின நாள் தான் செய்த தப்பை முதலில் சொல்வார். ஒருநாள் "நேத்து ஒண்ணுமே இல்லையே" என்றார். "நல்லா யோசிங்கக்கா, இருக்கும்!" என்று எல்லாரும் கத்தினார்கள். இருந்தது. பிறகு மற்றவர்கள் சொல்வார்கள். யார் எதைச் சொன்னாலும் அக்கா கத்தமாட்டார், இனி என்ன செய்யலாம் என்ற பொருளில் "சரி, அப்புறம்?" என்பார், அவ்வளவுதான்.

போன வியாழக்கிழமை சாயங்காலம் அம்மா ஒரு கோட்டைக் கருக்கிவிட்டாள். முழுப்பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தாலும் மறைக்கலாம், நல்ல கோட்டின் முதுகு நடுவே இஸ்திரிப் பெட்டி வடிவத்தில் விழுந்த கருகலை எதில் மறைப்பது? திரைச்சீலைக் குவியலுக்கு அடியில் அதைச் செருகிவிட்டு, வீடு திரும்பும்போது, "வாயத் தொறந்தே, அவ்வளவுதான். இந்த வேலையும் போச்சுன்னா வாடகைக்கு எங்கடி போறது?" என்றாள்.

மறுநாள் காலையில் அக்கா, ஒரு வாடிக்கையாளரிடம் "பொத்தான் முதல்லயே இல்லீங்க" என்று தான் அடித்துச் சொன்னதையும், அந்தப் பொத்தான் தன் பையிலேயே கிடந்ததையும் சொல்லி, எங்கள் எதிரிலேயே அவருக்குப் போன் போட்டு மன்னிப்புக் கேட்டார். துவைக்கும் இயந்திரத்தைப் பார்த்துக்கொள்ளும் நுரை அண்ணன், சிவப்புச் சாக்ஸ் ஒன்று உள்ளே போய் ஆஸ்பத்திரித் தலையணை உறையெல்லாம் ரோஸ் ஆகிவிட்டது என்றார். "நோயாளிங்களுக்காவது உற்சாகமா இருக்கும். சரி, அப்புறம்?" என்றார் அக்கா. எல்லாரும் சிரித்தார்கள், அம்மா மட்டும் சிரிக்கவில்லை. விறுவிறுவென்று போய்க் கோட்டை எடுத்துவந்து மேசைமேல் விரித்துவிட்டாள்.

சிரிப்பு நின்றது. அக்கா கருகலைத் தடவிப் பார்த்து, "பெட்டி இதுக்கு முன்னாடியும் இப்படிச் சூடு ஏறிச்சா?" என்றார்.

"கொஞ்ச நாளாவே எகிறுதுக்கா."

"ஏன் சொல்லல?"

"நீங்க கேக்கலியே."

அம்மாவா இப்படிப் பேசினாள் என்று எனக்கே நம்ப முடியவில்லை. அக்கா, "கேக்காதது என் தப்பு. நாளைக்குச் சொல்ல எனக்கு ஒண்ணு கெடச்சிடுச்சு" என்றார். பழுதுபார்க்கப் பெட்டிதான் போயிற்று, வேலை போகவில்லை. அதுவரை அழாத அம்மா, "கோட்டுக்காரர்கிட்ட மட்டும் நீயே சொல்லிடு, புதுசு தைக்க நானாச்சு" என்று அக்கா சொன்னதும்தான் அழுதாள்.

மாமா, தலைமை என்றால் சுழல் நாற்காலி என்று நினைத்திருந்தேன். இந்த அக்கா உட்கார்ந்தே நான் பார்த்ததில்லை. நீங்களும் நாளைக் காலையில் உங்கள் தப்பு ஒன்றை முதலில் சொல்லிப் பாருங்கள். ஒன்றும் அகப்படாவிட்டால் அத்தையிடம் கேளுங்கள், நிறைய வைத்திருப்பார்.

அத்தைக்கு என் வணக்கமும், அவர் முழங்காலுக்கு என் பிரார்த்தனையும்.

இப்படிக்கு,
உண்மையை மட்டுமே எழுதும் அன்பு மருமகள்

பின்குறிப்பு: அந்தக் கோட்டு சாம்பல் நிறம். ஆபீஸ் விழாவுக்கென்று அம்மாவிடம் தேய்க்கக் கொடுத்தனுப்பினீர்களே, அதேதான். "நீயே சொல்லிடு" என்று அக்கா சொன்னதை அம்மா அப்படியே என்னிடம் சொல்லிவிட்டாள். இப்போது பக்கத்தில் நின்று, "அண்ணனுக்கு எழுதிட்டியா?" என்று நகம் கடித்துக்கொண்டிருக்கிறாள். படித்து முடித்ததும், தயவுசெய்து கத்தாமல், "சரி, அப்புறம்?" என்று மட்டும் பதில் போடுங்கள்.