கொக்குகளுக்கும் எழுதிய சீதனம்

யாழ்ப்பாணத்தில் மூன்று மாப்பிள்ளைகளைக் கொக்கைக் காட்டியே துரத்திய மனிதர் ஒருவர்தான் இருந்திருக்கிறார். ஊர் முழுக்க அவரைக் கொக்கர் என்றே அழைத்தது. தாய் தகப்பன் வைத்த பெயர் காணி உறுதியில் மட்டும் இருந்தது. அதை எழுதியவன் என்பதால் எனக்குத் தெரியும். அப்போது நான் பட்டணத்தில் காணி உறுதிப் பத்திரம் எழுதும் ஒரு நொத்தாரிசு ஐயாவிடம் கிளாக்கர்.

கொக்கருக்கு வழுக்கையாற்றங்கரையில் ஆறு பரப்பு வயல். வழுக்கையாறு என்றதும் பெரிய நதியாக நினைத்துவிடாதீர்கள். மாரியில் தண்ணீர் ஓடும், மற்ற மாதங்களில் மாடு மேயும். அந்த மாரித் தண்ணீரை நம்பிக் கொக்கும் நாரையும் வந்து இறங்கும். வரம்போரத் தாழம்புதரில் கானாங்கோழி குடியிருக்கும். அத்தனைக்கும் ஊர்த்தலைமை பார்க்கும் விதானையார் கொக்கர்தான்.

புதர்ப்பக்கம் யாரும் சைக்கிள் மணி அடிக்கக்கூடாது. இறங்கி உருட்டவேண்டும். ஒருமுறை மேளதாளத்தோடு கலியாண ஊர்வலம் ஒன்று வந்தது. கொக்கர் குறுக்கே நின்று தவில்காரரைக் கும்பிட்டார்.

"அண்ணை, கானாங்கோழி அடைகாக்குது. மருதமரம் தாண்டினாப்பிறகு வெளுத்து வாங்குங்கோ."

மேளக்காரர் மட்டுமல்ல, பட்டு வேட்டி மாப்பிள்ளையும் நுனிக்காலில் நடந்து போனார். எதிரே வந்த ஒருவர், "என்ன, களவாய்க் கலியாணமோ?" என்று கேட்டாராம்.

அறுவடைக்கு அரிவி வெட்டும்போதும் முட்டை கிடக்கும் மூலையைத் தொடவிடமாட்டார். வெட்டி முடிந்த வயல், குடுமி வைத்த தலை போல நிற்கும்.

மகளுக்குச் சம்பந்தம் பேசியபோது அந்த வயலைத்தான் சீதனமாக எழுத வேண்டியிருந்தது. கொக்கர் எங்கள் நொத்தாரிசு கந்தோருக்கு வந்தார்.

"ஒரு வரி சேருங்கோ ஐயா. வயலை நிரப்பக்கூடாது, தாழையை வெட்டக்கூடாது. கொக்குகளுக்கு அதிலை இருக்க உரிமை உண்டு."

ஐயா கண்ணாடியைக் கழற்றினார். "கொக்கு கையெழுத்து வைக்குமோ?"

"கையெழுத்து வைக்கிற ஆக்கள்தான் ஐயா விக்கிறவை."

முதல் மாப்பிள்ளையின் தகப்பனுக்கு வேறு யோசனை இருந்தது. பட்டணத்துக்குக் கிட்டிய காணி. மண் போட்டு நிரப்பினால் வீட்டுக் காணியாகத் துண்டு போட்டு விற்கலாம். வரியை வாசித்ததும் எழும்பிவிட்டார். "கொக்குக்குச் சீதனம் குடுக்கிற வீட்டிலை நாங்கள் பொம்பிளை எடுக்கிறதோ?"

இரண்டாம் வீட்டார் தாழையை மட்டுமாவது வெட்ட விடச்சொல்லிக் கேட்டுப் பார்த்தார்கள். கொக்கர் மசியவில்லை. மூன்றாவது நல்ல சம்பந்தம், மாப்பிள்ளை வாத்தியார். அவர்களும் வரியை எடுத்தால்தான் கலியாணம் என்றுவிட்டார்கள்.

அன்று கொக்கர் மகளோடு வந்திருந்தார். குரல் இறங்கிப்போயிருந்தது.

"என்னாலை பிள்ளை காத்திருந்தது காணும், இனிப் போதும். அந்த வரியை வெட்டிவிடுங்கோ தம்பி."

எனக்கே நெஞ்சு பொறுக்கவில்லை. ஆனாலும் பேனையை எடுத்தேன்.

"வெட்டவேண்டாம்," என்றாள் மகள். "மாரித் தண்ணி உந்த வயலிலை நிண்டால்தான் சித்திரையிலை எங்கடை கிணறு உப்புக் கரிக்காது. இது விளங்காத வீட்டிலை போய் நான் ஆரோடை கதைக்கிறது, அப்பா?"

பேனை அந்தரத்தில் நின்றது. நானுந்தான்.

இரண்டு மாதம் கழித்து எங்கள் வீட்டார் அங்கே சம்பந்தம் பேசப் போனார்கள். நாலாவது முறையும் அதே உறுதியை நானே எழுதினேன், மாப்பிள்ளை பெயர் வரும் இடத்தில் என் பெயரைப் போட்டு.

"அந்த வரியை வடிவாய் வாசிச்சனீரோ?" என்றார் ஐயா.

"நாலு தரம் எழுதினனான் ஐயா. பாடம்."

எனக்கு மாமாவாகிவிட்ட கொக்கர் காலமாகி நாலு வருடமாகிறது. வயல் அப்படியே கிடக்கிறது. நேற்றும் மருதமரத்தடியில் இறங்கிச் சைக்கிளை உருட்டிக்கொண்டுதான் போனேன். மணி அடிக்கவில்லை. அப்படியிருந்தும் கொக்குகள் என்னைக் கண்டு எழும்பிப் பறந்தன. அவர் வரம்பில் நடந்தால் தலையைக்கூடத் திருப்பாதவை.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் முறையிட்டேன்.

"அதுகளுக்கு அப்பாவைத் தேடுதாக்கும்," என்றாள்.

எனக்கும்தான் தேடுகிறது.